உன் புறங்கை பொய் சொல்லவில்லை

மச்சான்,

முந்தாநாள் காலையில் உன் தங்கை குசினியில் நொச்சி இலை கொதிக்க வைத்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வாசல் வரைக்கும் வந்தது. பச்சையும் கசப்புமாக, நெற்றிக்குள் நேராகப் போய் நிற்கிற வாடை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு, நீதான் உள்ளே நின்று கொப்பிலிருந்து இலையை உருவிப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது அடுத்த மூச்சில்தான் ஞாபகம் வந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுக்காரன் என்று நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் தங்கைதான். கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் அல்லவா, என் பேச்சில் இருக்கிற கொச்சையை எல்லாம் திருத்தித்தான் எழுதுகிறாள். பேச்சைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். "நீங்க உள்ளதச் சொன்னா நான் ஏன் திருத்தப் போறேன்" என்கிறாள்.

விஷயம் உன் கையைப் பற்றியது. முப்பத்தைந்து வருடமாகக் கடற்கரையில் உன் கையைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பொய் என்று தெரிந்தவன் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை அவனுடைய மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரையில் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்து வந்த வழக்கம். கூடப் பிறந்தவன் கையில் கயிற்றைக் கொடுத்தால்கூட, வீட்டுச் சுவர்த் தகராறு அவனுக்கு நடுக்கடலில் ஞாபகம் வந்துவிடலாம். மச்சானுக்கு அப்படி வராது. கயிற்றின் மறுமுனையில் கிடப்பது அவன் தங்கையின் தாலி. உன் தங்கையை எனக்குக் கட்டிவைத்த அடுத்த வாரமே நீ வலைத் தோணியை விட்டுவிட்டு என் கயிற்றைப் பிடிக்க வந்தாய். கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய காலத்திலும் நீதான் பிடித்தாய். பிறகு காற்று எந்திரம் வந்து, குழாயை வாயில் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் கீழே கிடக்கலாம் என்று ஆன பிறகும் நீதான்.

கயிறு பிடிக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூக்கு பார்ப்பது. கடலுக்குள் இறங்க இறங்கத் தண்ணீர் தலையை அமுக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ஊதினால் காதுக்கும் நெற்றிக்கும் காற்று போய் அந்த அமுக்கத்தைச் சரிக்கட்டிவிடும். சளி அடைத்திருந்தால் காற்று போக வழி இல்லை. சவ்வு கிழியும், ரத்தம் கொட்டும். அதனால் தோணியில் ஏறுவதற்கு முன்னால் தினமும் உன் புறங்கையை என் மூக்குக்குக் கீழே நீட்டுவாய். ஒரு பக்கத்தை நான் விரலால் மூட வேண்டும். மறுபக்கத்தால் ஊத வேண்டும். அப்புறம் மாற்றி ஊத வேண்டும். உன் புறங்கைத் தோல் அந்த மூச்சைத் தராசு மாதிரி நிறுத்துவிடும். "இடது பக்கம் கம்மியா வருது. இன்னைக்கு நீ கர" என்பாய். கர என்றால் கரையில் இரு என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

அதில் உனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. காலையில் மருந்து எதையும் தொடக் கூடாது. ராத்திரி நொச்சி ஆவியில் எத்தனை வேது வேண்டுமானாலும் பிடி, எந்தப் பற்று வேண்டுமானாலும் போடு. காலையில் வெறும் மூக்கோடு வந்து நிற்க வேண்டும். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேது பிடிச்சா ஒரு நாழி மூக்கு தொறக்கும்ல. தொறந்தது நொச்சி. உன் மூக்கு இல்ல. கடலுக்குள்ள நொச்சியா வரும்? உன் மூக்குதான வரணும்."

இந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை. தெரிந்தேதான் அதை மீறினேன்.

அந்த வருடம் பங்குனிக் கடைசி. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. கச்சான் காற்று எழும்பினால் கடல் கலங்கிவிடும், அப்புறம் மாதக் கணக்கில் அடியில் கிடப்பது தெரியாது. வான்தீவுக்குக் கிழக்கே கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாரை ஓரத்தில் சங்கு கூட்டமாகக் கிடந்த இடத்தை நான்தான் முதலில் கண்டுபிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. குனிந்தால் நெற்றி கனத்தது. கன்னத்து எலும்புக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து உந்துகிற மாதிரி இருந்தது. நாலு நாள் நீ புறங்கையை நீட்டினாய். நாலு நாளும் "கர" என்றாய்.

நாலு நாள் சாயங்காலமும் நீ எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். கோரம்பள்ளத்து ஓடைக்கரையிலிருந்து நொச்சியை ஒடித்துக்கொண்டு வருவாய். ஐந்து இலைக் கொப்பாகப் பார்த்து ஒடிப்பாய், மூன்று இலை வேண்டாம் என்பாய், அது என்ன கணக்கோ. பானை கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, உன் இரண்டு காலுக்கும் நடுவே அண்டக் கொடுத்து, நீயே பிடித்துக்கொள்வாய். சரிந்து என் மேல் கொட்டிவிடக் கூடாது என்று உனக்குப் பயம். ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும். எனக்கு மூச்சு முட்டி வெளியே தலையை நீட்டினால் பிடரியில் தட்டி உள்ளே தள்ளுவாய். "உள்ள இருல, கலியாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி எட்டி எட்டிப் பாக்காத." அது முடிந்ததும் சுக்கை அம்மியில் உரைத்து நெற்றிக்குப் பற்று. காய்ந்து இறுகும்போது புருவம் இரண்டும் மேலே இழுபடும். உன் தங்கை என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். கடைசியாக உடன்குடிக் கருப்பட்டியும் மிளகும் தட்டிப்போட்ட சுக்குக் காப்பி.

அந்தச் சுக்கை வாங்கப் போனபோது நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சியிடம் நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஒரு துண்டை உடைத்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது உங்க தாத்தா வாங்கிப் போட்ட சுக்கா? உள்ள பூச்சி குடும்பம் நடத்துது" என்றாய். அவர் சளைக்கவில்லை. "சளி பிடிச்சவருக்கு வாடை எங்கன தெரியப் போவுதுன்னு எடுத்தேன். கூட நாய் மூக்குக்காரரு வருவாருன்னு தெரியாமப் போச்சு" என்றார். உன் மூக்கு அப்படி. மஞ்சளா, ஓமமா, பழைய சுக்கா, புதுச் சுக்கா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்வாய்.

நாலாம் நாள் சாயங்காலம் கரையில் நின்று மற்றத் தோணிகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்த பாரையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சங்கு இறங்கியது. பக்கத்துத் தோணியில் குளிக்கிற ஒருவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னைக் கடந்து போகும்போது சத்தமாகக் கேட்டான்.

"என்ன அண்ணாச்சி, மூக்க மச்சான் வீட்லயே வச்சிட்டு வந்துட்டீரா? நாளைக்கு வேணும்னா உம்ம பாரைக்கு நான் வழி காட்டுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ போர்வையை உதறிக்கொண்டிருந்தாய். உன் கண் சிவந்திருந்தது. தும்மிக்கொண்டே பானையைத் தூக்கினாய். "உன் சளி எனக்கு வந்துட்டுல. நல்லதாப் போச்சு, ஒருத்தருக்கு வந்தா ஒருத்தருக்குப் போயிரும்" என்றாய். எனக்கு அப்போது வந்த நினைப்பை இன்றைக்கு உன் தங்கை கையாலேயே எழுதச் சொல்லுகிறேன். ஐயோ பாவம் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு இவனுக்கு வாடை தெரியாது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் விரலி மஞ்சள் ஒன்றை விளக்கில் காட்டிச் சுட்டேன். நுனி கருகிப் புகை வந்ததும் ஒரு மூக்கை மூடி ஒரு மூக்கால் இழுத்தேன். மிளகாயைக் கரைத்து ஊற்றின மாதிரி எரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அடுத்த பக்கமும் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில், ஐந்து நாளாகச் சாத்திக் கிடந்த சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி காற்று ஓடியது. போதாதென்று ஓமத்தை வறுத்துத் துணியில் கிழியாகக் கட்டி மடியில் செருகிக்கொண்டேன். திரேஸ்புரம் கரை வரைக்கும் அதை மோந்துகொண்டே நடந்து, தோணிக்குப் பக்கத்தில் வந்ததும் தண்ணீரில் எறிந்தேன்.

நீ புறங்கையை நீட்டினாய். ஊதினேன். உன் கை அனலாகக் கொதித்தது. காய்ச்சல். மாற்றி ஊதச் சொன்னாய். ஊதினேன். "இன்னொரு மட்டம்" என்றாய். மூன்றாவதும் ஊதினேன். கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாய். என் சட்டை முழுக்க மஞ்சள் புகை வாடை. வேறு நாளாக இருந்தால் நான் தெருமுனை திரும்பும்போதே கண்டுபிடித்திருப்பாய். அன்றைக்கு உன் மூக்கு என்னுடையதைவிட மோசமாக அடைத்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணு போல வருதே" என்றாய். "சளி போயிட்டால?"

"போயிட்டு மச்சான்" என்றேன்.

வாய்விட்டு உன்னிடம் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். இரண்டே வார்த்தை.

இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. காது திறந்தது, நெற்றி திறந்தது. ஒன்பது பாகம், அதாவது ஒன்பது ஆள் ஆழம். மணலில் முதுகு புதைந்து சங்கு வரிசையாகக் கிடந்தது. அள்ளி அள்ளிப் பையில் போட்டேன். பக்கத்துத் தோணிக்காரன் முகத்தை நினைத்துக்கொண்டே அள்ளினேன். அரை மணி நேரம் போயிருக்கும். மூக்குக்குள் மெதுவாக ஏதோ வீங்குகிற மாதிரி இருந்தது. மஞ்சள் திறந்துவைத்த சன்னலைச் சளி மறுபடி சாத்திக்கொண்டிருந்தது. நான் அதைச் சட்டை செய்யவில்லை.

மேலே வர ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. கீழே போகும்போது நெற்றிக்குள் நுழைந்த காற்று, மேலே வர வர விரிந்து பெருகும். வெளியே போக வழி வேண்டும். வழி அடைத்துவிட்டது. ஐந்து பாகத்தில் இடது புருவத்துக்கு மேல், உள்ளேயிருந்து வெளியே ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. அப்படியே கீழே இறங்கினேன், வலி தணிந்தது. திரும்ப ஏறினேன், ஆணி. மேலேயும் போக முடியாது, கீழேயும் கிடக்க முடியாது.

தோணியில் நடந்ததை எந்திரம் பார்க்கிறவர் பிற்பாடு எனக்குச் சொன்னார். கயிறு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் பயந்துபோய், "இழும்வே, ஆளுக்கு என்னமோ ஆயிட்டு, இழும்" என்று கயிற்றில் கை வைத்திருக்கிறார். நீ அவரை முழங்கையால் தள்ளிவிட்டாய்.

"கைய எடும். அவன் நின்னு நின்னு வாரான். தலையில அடச்சிருக்கு. இழுத்தா மண்ட பொளந்திரும்."

"காத்து எந்திரம் எவ்வளவு நேரம் ஓடும்னு நெனைக்கீரு?"

"ஓடுத வரைக்கும் ஓடட்டும். எண்ணெய் இருந்தா ஊத்தும். கயித்தத் தொடாதீரும்."

எனக்குக் கீழே அது ஒன்றும் தெரியாது. நான் கயிற்றை ஒரு தடவை சுண்டினால் நீயும் ஒரு தடவை சுண்டினாய், அவ்வளவுதான் தெரியும். நிற்கிறேன் என்று நான் சுண்டுவேன். இருக்கிறேன் என்று நீ சுண்டுவாய். ஒரு முழம் ஏறுவேன், நிற்பேன். நீ ஒரு முழம் கயிற்றைச் சுருட்டுவாய், நிற்பாய். காய்ச்சலோடு, வெயிலில், தும்மிக்கொண்டு. எத்தனை நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. மேலே வந்து சேர்ந்தபோது முகமூடிக் கண்ணாடிக்குள் ரத்தம் கண் மட்டம் வரைக்கும் நின்றது. ஏதோ ஓரிடத்தில் உள்ளே உடைந்து வழி விட்டிருக்கிறது. அதுவரைக்கும் என் தலையை உன் விரலில் வைத்துக்கொண்டிருந்தாய்.

கரையில் என்னைப் பலகையில் கிடத்தினார்கள். உன் தங்கை ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள்.

"என் தாலிய உன் கையிலதான குடுத்தேன் அண்ணே. நீ என்னத்தப் பாத்த?"

நீ உன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய். "எனக்குக் காய்ச்சல் ஏளா. கை சூடாயிருந்துச்சு. தெரியாமப் போயிட்டு" என்றாய்.

எனக்கு நினைவு இருந்தது மச்சான். எல்லாம் காதில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

(இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ம், சொல்லுங்க" என்றாள்.)

மூன்றாம் நாள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. மூக்கிலிருந்து வந்தது மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. நடுக்கக் காய்ச்சல். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தும்பைப்பூச் சாற்றை மூக்கில் விடு என்றார் ஒருவர், நொச்சித் தலையணையில் படுக்கப் போடு என்றார் இன்னொருவர். நொச்சியை இத்தனை நம்பின நீதான் எல்லோரையும் விலக்கிவிட்டாய். "இது சளி இல்ல, சீழ் வச்சிட்டு. கண்ணு வீங்கினதுக்கு அப்புறம் இல கேக்காது" என்று என்னை ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும், மூளைக்கும் ஏறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள். அப்புறம் வேளாவேளைக்கு மாத்திரை. வேது பிடிக்கலாமா என்று அவரிடம் நீ பயந்து பயந்து கேட்டாய். "காய்ச்சல் விட்டதும் ஆவி பிடிங்க, வெறும் தண்ணியே போதும். சுட்டுக்கிடாம பாத்துக்கோங்க. மாத்திரைய மட்டும் பாதியில நிப்பாட்டாதீங்க" என்றார். வரும் வழியெல்லாம் உனக்கு ஆற்றாமை. "வெறும் தண்ணியாம்ல. மனுசருக்கு நொச்சிய யாரும் அறிமுகப்படுத்தல போல." மாத்திரையை ஒரு வேளை தவறவிடாமல் எண்ணிக் கொடுத்தாய். பானையில் நாலு நொச்சி இலையையும் போட்டாய்.

சீழ் வற்றியது, காய்ச்சல் போனது. வாடை மட்டும் திரும்பவில்லை. நொச்சி கொதித்தாலும் எனக்கு வெந்நீர்தான். மீன் குழம்பும் கஞ்சியும் ஒன்றுதான். இனி அவ்வளவுதான் என்று நான் விட்டுவிட்டேன். நீ விடவில்லை. சாயங்காலம் வந்து கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே எதையாவது நீட்டுவாய். கருவாடு, மண்ணெண்ணெய்த் துணி, உன் தங்கை தலையிலிருந்து பிடுங்கின பிச்சிப்பூ. "சொல்லு." "தெரியல." "சரி, நாளைக்கு." ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் கண்ணை மூடியிருந்தபோது நீ ஏதோ நீட்டினாய். அது தெரியவில்லை. ஆனால் வேறொன்று லேசாக வந்தது.

"மச்சான், நீ இன்னைக்குக் குளிச்சியா?"

நீ நீட்டியது ஓமம். எனக்கு வந்தது உன் சட்டை வேர்வை. நீ சட்டையைக் கழற்றி என் முகத்தில் போட்டுவிட்டு, "ஏளா, இங்கன வா, உன் மாப்பிள்ளைக்கு மூக்கு வந்துட்டு. மொதல்ல என்னையத்தான் மோந்திருக்கான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். உன் தங்கை சிரித்தாள். ஆனாலும் உனக்குக் காப்பியை அவள் கையால் கொடுக்கவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் பல வருடம் மேசையில்தான் வைத்தாள். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரியே எடுத்துக் குடித்தாய்.

நான் திரும்பக் கடலுக்குப் போன அன்று கயிற்றை எடுத்துத் தோணிக்காரரிடம் கொடுத்துவிட்டாய். "என் கை பொய் சொல்லிட்டு அண்ணாச்சி. இனிமே யாருக்கும் பிடிக்க மாட்டேன்" என்றாய். நான் எதிரில் நின்றேன். மில்லர்புரம் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவலுக்குப் போனாய். உப்பு மூட்டைக்கு நடுவில், கடல் தெரியாத இடத்தில் ஒரு முக்காலி. நான் மேலும் பதினொரு வருடம் குளித்தேன், யாரோ ஒருவன் பிடித்த கயிற்றில். ஒவ்வொரு தடவையும் அவன் சுண்டுவது உன்னுடைய சுண்டல் இல்லை என்று தெரிந்துகொண்டே இறங்கினேன்.

கடற்கரையில் ஒரு சொல் கிளம்பிவிட்டது. ஒழுகுகிற தோணியை நல்ல தோணி என்று யாராவது சொன்னால், "அவரு பாத்த மூக்கு மாதிரிதான்" என்பார்கள். உன்னைத் தெரியாத பிள்ளைகள்கூட இப்போது அதைச் சொல்லுகிறார்கள். ஒரு தடவை டீக்கடையில் என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தது சொல்லிவிடத்தான். உன் மூக்கில் காற்றுக் குழாய் இருந்தது. "இப்ப உனக்குத்தான்ல குழாய்" என்று ஏதோ கேலியாக ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறந்து, "இப்பல்லாம் யார் கயிறு பிடிக்கா?" என்று கேட்டாய். எங்கள் தோணிக்காரரின் பிள்ளைகள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், கயிறு கிடையாது என்றேன். "கயிறு இல்லையா. நல்லது" என்றாய். "கை பாக்க ஆள் வேண்டாம்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஆரஞ்சுப் பழத்தை உரித்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் செய்தி வந்தது.

முந்தாநாள் உன் தங்கைக்குச் சளி. அவளாகவே இலை பறித்து, அவளாகவே பானையை இறக்கிவைத்து, போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பானை ஆடுகிற மாதிரி இருந்தது. நான் உள்ளே போய், நீ செய்கிற மாதிரியே தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். முருங்கை மரம், விரலி மஞ்சள், ஓமக்கிழி, "போயிட்டு மச்சான்" என்ற இரண்டு வார்த்தை, எல்லாவற்றையும்.

ஆவி அடங்கி, பானை ஆறி, என் காலுக்குச் சூடே தெரியாமல் போன பிறகும் அவள் போர்வையை விலக்கவில்லை. உள்ளேயிருந்தே கேட்டாள்.

"காப்பிய மேசையில வச்சேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"ஒரு தடவ கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"ஒவ்வொரு தடவையும் தோணுச்சு."

அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள், மேசையில். இன்று காலை பேரனுடைய பழைய நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அவங்கிட்டச் சொல்லுங்க, எழுதுதேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் கல்லறையில வச்சு வாசிப்பேன். அப்புறம் தோணித்துறைக்குப் போவோம். அங்கன எல்லாரும் இருக்கும்போது ஒரு மட்டம் வாசிப்பேன். நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றாள். நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், துறையில் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து. அன்றைக்கு அவன் புறங்கை சொன்னது சரிதான். இரண்டு மூக்கிலும் மூச்சு ஒன்றுபோல வந்தது. வந்ததைத்தான் அவன் கை சொன்னது. வந்தது மஞ்சள் புகையின் மூச்சு என்று தெரிந்தவன் நான். காய்ச்சலிலும் அந்தக் கை பிசகவில்லை. அந்த ஒரு நாளில் அதே கை முழம் முழமாக என்னை மேலே கொண்டுவந்தது. இனிமேல் ஒழுகுகிற தோணிக்கு வேறு பேர் வையுங்கள். என் பேரை வைத்தாலும் எனக்குக் குறை இல்லை.

மச்சான், கடலை விட்டு இத்தனை வருடம் ஆகியும் ஒரு பழக்கம் என்னை விடவில்லை. விடிந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால், என் புறங்கையை நானே மூக்குக்குக் கீழே பிடித்து ஊதிப் பார்த்துக்கொள்வேன். வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். எந்தத் தைலமும் புகையும் தொடாத வெறும் மூக்கோடு. நீ நிறுத்த மாதிரி எனக்கு நிறுக்கத் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

இன்று காலையும் ஊதினேன். வலது பக்கம் நன்றாக வருகிறது. உன் தங்கையின் சளி எனக்கும் வந்துவிட்டது போல, இடது பக்கம் அடைத்திருக்கிறது. போகவில்லை மச்சான். இன்றைக்கு நான் கர.